பதினாறு வரிக்கு ஒரு செண்டுமல்லி

ராயக்கோட்டையில் தக்காளி என்ன விலை போகிறது என்று யாரையும் கேட்க வேண்டாம். விலை விழுந்த நாட்களில் சாலையோரம் கொட்டிக் கிடக்கும். மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு நகரும். விலை ஏறிய நாட்களில் தோட்டங்களிலிருந்து மருந்து வாடை வரும். நான் போனது ஆவணியில். கோட்டைக் குன்றின் அடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மூக்கு சொல்லிவிட்டது, இந்த வாரம் விலை நன்றாக இருக்கிறதென்று.

காய்கறித் தோட்டத்தில் இன்னொரு பயிரைச் சேர்த்து நட்டுப் பூச்சியைச் சமாளிக்கும் வித்தை புத்தகங்களில் நிறைய இருக்கிறது; துண்டறிக்கைகளில் அதைவிட நிறைய. வயலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான் ராயக்கோட்டை, சூளகிரி, தளி என்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தச் சுற்று. இந்தப் பக்கத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தக்காளிக்கும் முட்டைக்கோசுக்கும் நம் நாட்டில் அதிகம் சிபாரிசு செய்யப்படும் இரண்டு ஊடுபயிர் முறைகள், மாநில எல்லையைத் தாண்டி, பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. அங்கும் செம்மண், அங்கும் இதே மாதிரி மிதமான குளிர், அதே புழு. அங்கே பலித்தது இங்கே பலிக்காவிட்டால் மண்ணின் மேல் பழி போட முடியாது.

மண்டியில் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஓட்டை விழுந்த பழம் பார்க்காமலே தனியாகப் போய் விழுகிறது. காய்ப்புழு ஒரு பழத்தை முழுக்கத் தின்று முடித்துவிட்டு அடுத்ததைத் தொடும் ஒழுக்கமான பிராணி இல்லை. தலையை உள்ளே நுழைத்து, பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு கொஞ்சம் தின்னும். பிறகு பக்கத்துக் காய்க்கு நகரும். ஒரே புழு பல காய்களைக் கெடுக்கும். மீதி வேலையை ஓட்டை வழியே புகும் அழுகல் பார்த்துக்கொள்ளும். பருத்தி, துவரை, கொண்டைக்கடலை எதையும் விடாத அந்த ஹெலிகோவெர்ப்பா புழுதான் இதுவும். ஒதுக்கிய குவியலைக் காட்டி, "இதெல்லாம் மருந்து அடிச்ச தோட்டத்துதான் சார்" என்றார் மண்டிக்காரர். புழு காய்க்குள் போனபின் மருந்து அதைத் தொடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர் கைகாட்டிய தோட்டம் கெலமங்கலம் சாலையில் இருந்தது. தோட்டக்காரர் வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், கோலார் வியாபாரி வந்தால் கன்னடம் பேசுகிறவர். குச்சி கட்டி ஏற்றிய தக்காளி, அடியில் சொட்டுநீர்க் குழாய், மேலே மல்ச்சிங் ஷீட். நான்கு ஓரத்திலும் செண்டுமல்லி, இடுப்பளவு உயரத்தில், இன்னும் மொட்டுக்கூட விடாமல் இருந்தது. தக்காளியிலோ இரண்டு பறிப்பு முடிந்திருந்தது.

"செண்டுமல்லி நட்டா புழு தக்காளிக்கு வராதுன்னு சொன்னாங்க. வந்துச்சு சார். என்ன பண்றது, பூவாச்சும் ஆயுத பூஜைக்கு ஆகும்."

சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஹெசரகட்டாவில் கே. ஸ்ரீனிவாசன், பி. என். கிருஷ்ணமூர்த்தி குழுவினர் செய்து 1994-இல் வெளியான ஆய்வின் உயிர், செண்டுமல்லி என்ற செடியில் இல்லை, அதன் வயதில் இருக்கிறது. 40 நாள் செண்டுமல்லி நாற்றும் 25 நாள் தக்காளி நாற்றும் ஒரே நாளில் நடவு ஆக வேண்டும். 16 வரி தக்காளிக்கு 1 வரி செண்டுமல்லி. அப்படி நட்டால் தக்காளி பூக்கத் தொடங்கும் வாரத்தில் செண்டுமல்லி மொட்டு கட்டி நிற்கும். தாய் அந்துப்பூச்சிக்குத் தக்காளியைவிட அந்த மொட்டு பிடிக்கும். முட்டையில் பெரும்பகுதியை அங்கே இட்டுவிடும். மொட்டு பத்து நாள் தாமதித்தால் பூச்சி காத்திருக்காது. இன்னொன்றையும் சிபாரிசு செய்பவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். அந்த ஆய்விலும் செண்டுமல்லி தனியாக வேலை செய்யவில்லை. இரண்டு முறை எண்டோசல்பான் தெளித்திருந்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்த அதே எண்டோசல்பான். செண்டுமல்லி செய்தது தெளிப்பைக் குறைத்தது. ஒழித்ததாக அவர்களே சொல்லவில்லை.

கெலமங்கலத்துக்காரர் செண்டுமல்லியை நட்டது புழுவின் கணக்குப்படி அல்ல, ஆயுத பூஜைக் கணக்குப்படி. இந்தப் பக்கம் செண்டுமல்லி என்றாலே ஆயுத பூஜைதான். அந்த வாரம் பறிப்புக்கு வராத பூவுக்கு விலை இல்லை. அவரைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தக்காளி கைவிட்டால் பூ தூக்கிவிடும் என்பதும் ஒரு காப்பீடுதானே.

ஒரு தக்காளி இலையைத் திருப்பிக் காட்டினார். இலைக்குள்ளே குடைந்த வெள்ளைத் திட்டு. 2014-இல் மகாராஷ்டிரத்தில் முதலில் தென்பட்டு, மறு வருடமே தமிழ்நாட்டுக்கும் இறங்கிவிட்ட தென்னமெரிக்க ஊசிப்புழு. அதற்குத் தக்காளிக் குடும்பம்தான் வீடு. செண்டுமல்லி மொட்டைத் திரும்பியும் பார்க்காது. இனக்கவர்ச்சிப் பொறி நாலைந்து தொங்கவிட்டிருந்தார். ஆய்வு வந்த காலத்தில் இல்லாத விருந்தாளி இது. துண்டறிக்கைகள் அப்படியே இருக்கின்றன.

பக்கத்துத் தோட்டம் ஓர் அம்மாவுடையது. அரை ஏக்கர் இருக்கலாம். அங்கே தக்காளிக்கு நடுவில் செண்டுமல்லி வரிகள் ஓடின, மொட்டும் பூவுமாக. வரிக்கு வரி எண்ணிப் பார்த்தேன், பதினாறு இல்லை, பன்னிரண்டுக்கு ஒன்று. "எனக்கு நடக்கிற வசதி அவ்ளோதான் தம்பி" என்றார். இடுப்பில் கட்டிய சேலை மடியில் ஓட்டை விழுந்த மொட்டுகள். காலையில் பூ பறிக்கும்போதே அவற்றையும் கிள்ளி, சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடுகிறார்.

"பூவுக்குள்ள இருக்கும். இதழை விரிச்சா சுருண்டு படுத்திருக்கும். தக்காளியில தேடினா நாள் பூரா தேடணும். இங்க வந்து அதே உக்காந்துக்குது."

மருந்து அடிப்பதே இல்லையா என்று கேட்டேன். "பூ வரிக்கு மட்டும் அடிப்பேன். சாயங்காலம்." அது புழுவுக்கு நோய் தரும் என்.பி.வி. வைரஸ் கரைசல். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில் தெளிப்பது. ஒரு செடியில் அதன் பலனையும் பார்த்தேன்: செத்த புழுக்கள் கருத்து, கால் மேலே தலை கீழே தொங்கின. அவர் அவற்றை எடுப்பதில்லை. அவை வெடித்து வழிந்தால் அடுத்த புழுவுக்கும் நோய் ஒட்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. செண்டுமல்லி வேர் நூற்புழுவை விரட்டும் என்பதையும் கேள்விப்பட்டிருக்கிறார். அது உண்மையென்றாலும், வேர்முடிச்சு நூற்புழு குறைய வேண்டுமானால் நிலம் முழுக்கச் செண்டுமல்லியை நெருக்கமாகச் சில மாதம் நிறுத்த வேண்டும். பன்னிரண்டுக்கு ஒரு வரி போதாது. அதைச் சொன்னேன். "போகட்டும், புழுவைப் பிடிக்குதே" என்றுவிட்டார்.

இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஒரு வரப்புதான். விதை ஒன்று, மண் ஒன்று. ஒன்றில் செண்டுமல்லி ஓரத்தில் அலங்காரமாக நிற்கிறது. இன்னொன்றில் அது வேலை பார்க்கும் இடம். ஆள் தினமும் அங்கே போகிறார். பிறகு போன ஊர்களிலெல்லாம் நான் இதையே வேறு வேறு செடியில் பார்த்தேன்.

சூளகிரி கொத்தமல்லிக்குப் பேர்போனது. கட்டுக் கட்டாக லாரியேறும். கத்தரிக்கு நடுவில் கொத்தமல்லி போட்டால் தண்டு, காய்த்துளைப்பான் குறைகிறது என்று ஆய்வுகள் உண்டு. வாசனை ஒரு காரணம் என்பார்கள். அதைவிட உறுதியான காரணம் பூ. கொத்தமல்லியின் குட்டிக் குட்டி வெள்ளைப் பூக்களில் தேன் மேலாக இருக்கும். நாக்கு நீளமில்லாத ஒட்டுண்ணிக் குளவிகளும் சிர்ஃபிட் ஈக்களும் அதைக் குடித்துத் தெம்பாகி, பக்கத்தில் புழுவையும் அசுவினியையும் தேடிப் போகும். ஆனால் சூளகிரியில் கொத்தமல்லி பூப்பதே இல்லை. நாற்பது நாள் சுமாருக்கு வேரோடு பிடுங்கிக் கட்டிவிடுகிறார்கள். பூத்த கொத்தமல்லியை எவர் வாங்குவார்? பத்துப் பாத்தியில் ஒன்றைப் பூக்க விடலாமே என்று ஒரு பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாடகை நெலம் சார்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அவர் தோட்டத்து மிளகாய்ப் பாத்தியைச் சுற்றி இரண்டு மூன்று வரி மக்காச்சோளம் நெருக்கமாக நின்றது. அதைச் சொந்த மாட்டுக்குத் தீவனமென்று நட்டிருக்கிறார். அவருக்குத் தெரியாமலே அது நல்ல காரியம் செய்துகொண்டிருந்தது. மிளகாயில் தேமல் பரப்பும் அசுவினி, ஒரு செடியில் குத்தி எடுத்த வைரஸைத் தன் வாய்முனையில்தான் சுமக்கும். அடுத்த இரண்டு மூன்று குத்தலில் அது துடைபட்டுப் போய்விடும். பறந்து வரும் அசுவினி முதலில் மக்காச்சோளத்தில் இறங்கிக் குத்திப் பார்த்தால் வைரஸ் அங்கேயே தீர்ந்துவிடும். மக்காச்சோளத்துக்கு அந்த நோய் வராது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டைக்கு இந்தத் துடைப்பு வேலை எடுபடாது, ஏனென்றால் அந்த வைரஸ் ஈயின் உடம்புக்குள்ளே சுற்றி எச்சிலில் வருவது. அதற்கு மக்காச்சோளம் வெறும் வேலிதான், ஓரளவு தடுக்கும். எந்தப் பூச்சி, எந்த நோய் என்று பார்க்காமல் "வரப்பில் மக்காச்சோளம் நடுக" என்று பொதுவாகச் சொல்வது பாதிப் பேரை ஏமாற்றும் யோசனை.

சூளகிரியிலிருந்து ஓசூர் வந்து தளி பஸ் பிடித்தேன். வழியெல்லாம் தொழிற்சாலைச் சுவர்களும் பசுமைக்குடில்களும் மாறி மாறி வந்தன. ஒரே பயிரைப் பரப்பி நட்டால் பூச்சிக்கு ஏன் கொண்டாட்டமாகிறது என்ற கேள்விக்கு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரூட் 1973-இல் ஒரு பதில் சொன்னார். கோஸ் இனக் கீரை ஒன்றைத் தனியாகவும், மற்றச் செடிகளுக்கு நடுவிலும் வளர்த்துப் பார்த்ததில், தனித்தோட்டத்தில்தான் அதையே தின்னும் பூச்சிகள் குவிந்தன. உணவு கூடிக் கிடக்கும் இடத்தில் வந்த பூச்சி தங்கிவிடுகிறது என்பது அவர் விளக்கம். இங்கிலாந்தில் வெல்ஸ்போர்ன் ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்டான் ஃபின்ச், ரோஸ்மேரி காலியர் இருவரும் பிற்பாடு சொன்னது எனக்கு இன்னும் பிடித்தது. கோஸின் வாசனை பூச்சியை 'இறங்கு' என்று தட்டிவிடுகிறது. ஆனால் எங்கே இறங்குவது என்பதை வாசனை சொல்வதில்லை, கண் சொல்கிறது. பச்சையாக எது தெரிந்தாலும் இறங்கும். களையெடுத்த வெறும் மண்ணில் கோஸ் மட்டும்தான் பச்சை. தப்பாமல் அதில் இறங்கும். சுற்றிலும் வேறு பச்சை இருந்தால் தப்பாக இறங்கும், எழும், மறுபடி தப்பாக இறங்கும்; சலித்துப் பறந்துபோய்விடும். வாசனைச் செடிகள் பூச்சியை விரட்டுகின்றன என்று நாம் நம்புவதில் பெரும்பகுதி, இலையின் பச்சை செய்யும் வேலைதான் என்கிறார்கள் அவர்கள்.

இந்த விளக்கத்தை வைத்துப் பார்த்தால், களை இல்லாமல் துடைத்து வைத்த, வெள்ளி நிற ஷீட் போர்த்திய நம் மேட்டுப்பாத்திகள் சில பூச்சிகளுக்கு இறங்குதளம் ஆகின்றனவோ என்று தோன்றாமல் இல்லை. வெள்ளி நிறத்தின் பளபளப்பு அசுவினியையும் வெள்ளை ஈயையும் குழப்பி விலக்கும் என்பதும் உண்மை. ஒரே ஷீட் ஒரு பூச்சிக்கு வழிகாட்டி, இன்னொன்றுக்கு முகத்தில் அடித்த வெளிச்சம்.

ஊடுபயிர் என்றாலே நல்லது என்று நினைப்பவர்களுக்கு டேவிட் ஆண்டோ 1991-இல் தொகுத்த கணக்கு உதவும். 209 ஆய்வுகள், 287 பூச்சியினங்கள். கலப்புப் பயிரில் குறைந்த பூச்சிகள் 52 சதவீதம். கூடியவை 15 சதவீதம். மற்றவற்றில் வேறுபாடு இல்லை, அல்லது இடத்துக்கு இடம் மாறியது. அதாவது கண்ணை மூடிக்கொண்டு எதையாவது கலந்து நட்டால் பலிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அந்தப் பாதியை மேலே தூக்குவது பூச்சியைத் தெரிந்து நடுவதுதான்.

தளி உயரமான ஊர். வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று கூப்பிட்டதாக ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். முட்டைக்கோசும் காலிஃபிளவரும் குளிரில் திரண்டு கிடந்தன. இங்கே எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. சிறகை மடக்கி உட்கார்ந்தால் முதுகில் வைரக் கட்டங்கள் போல வெளிர் அடையாளம், நகத்தைவிடச் சிறியது. புழுவைத் தொட்டால் நெளிந்து நூலில் இறங்கித் தொங்கும். பார்க்கப் பாவமாக இருக்கும் இந்தப் பூச்சிதான், பயிர்ப் பூச்சிகளில் டி.டி.டி.-க்கு முதலில் எதிர்ப்புக் காட்டியவற்றில் ஒன்று. 1953-இல் ஜாவாவில் பதிவானது. அதற்குப் பிறகு வந்த மருந்துகளையும் ஒவ்வொன்றாக அது செரித்துக்கொண்டிருக்கிறது. பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தையும் விட்டுவைக்கவில்லை.

ஆகவேதான் கடுகு. 1991-இல் ஸ்ரீனிவாசனும் கிருஷ்ணமூர்த்தியும் வெளியிட்ட முறை: 25 வரி முட்டைக்கோசுக்கு இரண்டு வரி கடுகு. முதல் வரியைக் கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்னால் விதைப்பது. இரண்டாவதை நட்ட 25-ஆம் நாள். முதல் கடுகு முற்றிச் சலிக்கும்போது இரண்டாவது இளசாக எழுந்து நிற்கும். கடுகின் காரத்தைத் தரும் அதே சேர்மங்கள்தான் இந்த அந்துப்பூச்சிக்கு முட்டையிடும் அழைப்பு. கோஸைவிட அதில் அழைப்பு பலம். இலைப்பிணைப்புப் புழுவும் அசுவினியும்கூடக் கடுகுக்குப் போகும்.

தளிக்கு வெளியே ஒரு தோட்டத்தில் கடுகு வரியைப் பார்த்து சந்தோஷப்பட்டு இறங்கினேன். கிட்டே போனால் கடுகு இலை முழுக்கச் சல்லடை. கூட்டுப்புழுக்கள் வலைக்குள்ளே வரிசையாக ஒட்டியிருந்தன. பாதிக்கு மேல் ஏற்கெனவே அந்துப்பூச்சியாகிப் பறந்துவிட்டன. அடுத்த கோஸ் வரிகளில்தான் தோட்டத்திலேயே அதிகப் புழு. கடுகில் புழு செத்துவிடாது, நன்றாக வளரும். யாராவது அந்த வரியில் தெளிக்க வேண்டும், அல்லது பிடுங்கிப் புதைக்க வேண்டும். வேலைக்காரப் பையன் ஒருவன் மட்டும் இருந்தான். "ஓனர் பெங்களூர்ல இருக்காருண்ணா. கடுகு போடச் சொன்னாரு, போட்டோம்." அப்புறம் என்ன செய்யச் சொன்னார்? "அதோட விட்டுட்டாரு."

விருந்து வைத்துவிட்டு வீட்டுக்காரர் ஊருக்குப் போனது போலத்தான். கடுகு இல்லாத பக்கத்துத் தோட்டத்தில் புழு குறைவு என்று ஒருவர் அதே ஊரில் என்னிடம் சாதித்தார். அவர் பார்த்ததும் பொய்யாக இருக்காது. கூலி ஆள் கிடைக்காத ஊரில், தினம் ஒரு வரியைச் சுற்றிவரச் சொல்லும் முறையைவிட, வாரம் ஒரு டேங்க் அடித்துவிடுவது எளிது என்ற கணக்கை ஆய்வறிக்கைகள் போடுவதில்லை. ஆமணக்கும் இப்படித்தான். புரோடீனியா என்ற இலை தின்னும் புழுவின் தாய்ப்பூச்சி ஆமணக்கு இலையில் முட்டைக் குவியல் இடும். குஞ்சுப்புழுக்கள் இலையைச் சுரண்டிக் கண்ணாடியாக்கும். அந்த ஒரு இலையைப் பறித்தால் நூற்றுக்கணக்கில் போய்விடும். பறிக்காவிட்டால் அவை வளர்ந்து இரவில் இறங்கி நடக்கும்.

ஆள் இல்லாமலும் கொஞ்சம் நடக்கிற ஒன்று உண்டென்றால் அது வரப்புத் தட்டைப்பயறு. அதில் அசுவினி அடையும். அதைத் தேடிப் பொறிவண்டு வரும். பயறு முற்றியதும் வண்டுகள் பசியோடு பக்கத்துப் பயிருக்குத் தாவும். தளியில் ஒரு கத்தரித் தோட்டத்து வரப்பில் பார்த்தேன். பயறு வீட்டுக் குழம்புக்கு. அதனால்தானோ என்னவோ அந்த வரப்பை யாரும் மறக்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு நாற்றுப் பண்ணையில் நுழைந்தேன். நிழல்வலைக்குக் கீழே குழித்தட்டுகள் வயதுவாரியாக அடுக்கியிருந்தன. 40 நாள் செண்டுமல்லியும் 25 நாள் தக்காளியும் ஒரே நாளில் தர முடியுமா என்று கேட்டேன். பண்ணைக்காரர் சிரித்தார்.

"அப்படி யாரும் கேக்கறதில்ல சார். பூ நாத்து கேக்கறவங்க பூக்காரங்க. தக்காளி நாத்து கேக்கறவங்க தக்காளிக்காரங்க."

பிறகு அவரே கணக்குப் போட்டார். செண்டுமல்லியைத் தக்காளிக்கு 15 நாள் முன்னதாக விதைக்க வேண்டும். 98 குழித் தட்டில் நாற்பது நாள் வைத்தால் வேர் சுற்றிக்கொண்டு நாற்று நோஞ்சானாகும்; பெரிய குழித் தட்டு வேண்டும், தென்னைநார்க் கழிவும் கூடுதலாகச் செலவாகும். 8,000 தக்காளி நாற்றுக்குச் செண்டுமல்லி 500 போதும். "ஐந்நூறு நாத்துக்கு ஒரு தேதி, ஒரு தட்டு சைசுன்னு தனியா வெச்சுக்க முடியாது. பத்து பேரு ஒரே வாரத்துல நடறேன்னு முன்கூட்டியே சொன்னா போடலாம்." கெலமங்கலம் சாலையில் பார்த்த அம்மா எப்படிச் சமாளிக்கிறார் என்றேன். காய்ந்த பூவிலிருந்து விதை எடுத்துத் தரையிலேயே பாத்தி கட்டி நாற்று விடுவார்கள் பழைய ஆட்கள், அவர்களுக்குத் தேதி பிரச்சினை இல்லை என்றார்.

பத்துப் பேர் ஒரே வாரத்தில் நட வேண்டுமென்றால் தண்ணீர், ஆள், விலை மூன்றும் ஒத்துவர வேண்டும். புரட்டாசி கடைசியில் நடப் போகிற ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, தக்காளி நாற்று ஏற்ற வந்த வண்டிக்காரரிடம் போனார்.